இலவச நிரலுக்கு என்ன விலை?

வீட்டுக் கூடத்தின் மூலையிலோ, பள்ளி அலுவலகத்து அலமாரியின் மேலோ ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டியைக் கண்டிருப்பீர்கள். இரண்டு மூன்று கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும். இணைய இணைப்பைக் கம்பியின்றி வீடு முழுவதும் பரப்பும் இக்கருவிக்கு ரவுட்டர் என்று பெயர். நம் ஊர்களில் இதையும் 'மோடம்' என்றே பலர் சொல்லிவிடுவர்.

இந்தப் பெட்டி ஒரு கணிப்பொறி. திரை இல்லை, விசைப்பலகை இல்லை. ஆயினும் உள்ளே ஒரு செயலி உண்டு. வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம் உண்டு. மின்சாரம் நின்றாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகமும் உண்டு. அந்த ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிவைக்கப்பட்டிருக்கும் நிரல் தொகுதியை ஃபர்ம்வேர் என்பர். இவ்வாறு வேறொரு கருவிக்குள் ஒளிந்திருந்து வேலை செய்யும் கணிப்பொறிக்கு உட்பொதிந்த கணிப்பொறி என்று பெயர். தொலைக்காட்சிப் பெட்டி, செட்டாப் பாக்ஸ், கண்காணிப்புக் கேமரா எல்லாவற்றிலும் இத்தகைய கணிப்பொறி இருக்கிறது. இவற்றுள் மிகப் பலவற்றில் ஓடுவது லினக்ஸ்.

லினக்ஸ் என்பது ஓர் இயக்க அமைப்பின் உட்கரு. ஆங்கிலத்தில் கெர்னல் என்பார்கள். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் அதை எழுதத் தொடங்கினார். பின்னர் உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுதினர், இன்றும் எழுதிவருகின்றனர். ரவுட்டர் செய்யும் ஒரு நிறுவனம் இத்தகைய உட்கருவைத் தானே புதிதாக எழுத முற்பட்டால் ஆண்டுக்கணக்கில் ஆகும். லினக்ஸையோ அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பத்துப் பெட்டி விற்றாலும், பத்து லட்சம் பெட்டி விற்றாலும், அதற்காக யாருக்கும் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை.

அப்படியானால் லினக்ஸ் இனாமா? இல்லை, அதற்கும் ஒரு விலை உண்டு. ஆனால் அந்த விலையைப் பணமாகக் கொடுக்க முடியாது. அது என்ன விலை, அதைக் கொடுக்காமல் விட்ட நிறுவனங்கள் என்ன ஆயின என்பதைக் காண்போம்.

தானியமும் மாவும்

நிரல் எழுதுபவர் அதை மனிதருக்குப் புரியும் ஒரு மொழியில் எழுதுகிறார். லினக்ஸ் பெரும்பாலும் 'சி' என்னும் மொழியில் எழுதப்பட்டது. இவ்வாறு எழுதப்பட்டதே மூல நிரல். செயலிக்கு 'சி' மொழி புரியாது. அதற்குத் தெரிந்தவை 0, 1 என்ற இரண்டே. ஆகவே கம்பைலர் என்னும் இன்னொரு நிரல், மூல நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தருகிறது. பெட்டிக்குள் போவது இந்த இயந்திர மொழி வடிவமே.

வீட்டில் சத்துமாவு அரைப்பதை எண்ணிப் பாருங்கள். கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலை என்று அளந்து வறுத்து, மாவு மில்லில் கொடுத்து அரைத்து வருகிறோம். மாவைக் கொண்டு கஞ்சி காய்ச்சலாம். ஆனால் மாவை மட்டும் கையில் கொடுத்து, 'இதில் கம்பைக் குறைத்துக் கேழ்வரகைக் கூட்டித் தா' என்றால் முடியுமா? அதற்குத் தானியம் தானியமாகவே வேண்டும். எதை எவ்வளவு போட்டது, எந்தப் பக்குவத்தில் வறுத்தது என்ற கணக்கும் வேண்டும். நிரலும் அவ்வாறே. இயந்திர மொழி வடிவம் மட்டும் இருந்தால் கருவியை ஓட்டலாம். அதிலுள்ள பிழையைத் திருத்துவது மிகக் கடினம். மூல நிரல் கையில் இருந்தால், படித்தவர் எவரும் திருத்தலாம், புதியது சேர்க்கலாம், மறுபடி 'அரைத்து'ப் பெட்டிக்குள் ஏற்றலாம்.

1980-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இதற்கு ஒரு சான்று கிடைத்தது. அங்கிருந்த செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் அச்சுப்பொறியைக் கொடுத்தது. அதில் அடிக்கடி தாள் சிக்கும். பழைய அச்சுப்பொறியிலும் இதே தொல்லை இருந்தது. ஆனால் அதன் மூல நிரல் கையில் இருந்ததால், தாள் சிக்கியவுடன் பயன்படுத்துவோருக்குச் செய்தி போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர் திருத்தி வைத்திருந்தார். புதிய பொறியில் அவ்வாறு செய்ய முடியவில்லை. மூல நிரல் வரவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரும் தர மறுத்துவிட்டார். அச்சுப்பொறி அடுத்த மாடியில் இருக்கும். ஒருவர் படியேறிப் போய்ப் பார்த்தால்தான் தாள் சிக்கி ஒரு மணி நேரமாயிற்று என்பது தெரியும்! ஸ்டால்மன் 1983-இல் 'குனு' என்ற திட்டத்தை அறிவித்தார். யாரும் படிக்க, திருத்த, பகிர்ந்துகொள்ளக்கூடிய ஒரு முழு இயக்க அமைப்பை உருவாக்குவது அதன் நோக்கம்.

அதில் ஒரு சிக்கல் எழுந்தது. மூல நிரலை ஊருக்கெல்லாம் கொடுத்துவிடலாம். ஆனால் அதை ஒரு நிறுவனம் எடுத்து, சிறிது மாற்றி, இயந்திர மொழி வடிவில் மட்டும் விற்கத் தொடங்கினால்? முதலில் எழுதியவருக்கே அந்த மாற்றங்கள் கிடைக்காமல் போகும். இதைத் தடுப்பது எப்படி?

ஸ்டால்மன் பதிப்புரிமைச் சட்டத்தையே இதற்குப் பயன்படுத்தினார். கதை எழுதியவருக்கு உள்ளதுபோல நிரல் எழுதியவருக்கும் பதிப்புரிமை உண்டு. அவர் அனுமதியின்றி அதைப் படி எடுத்து விற்கக் கூடாது. பொதுவாக நிறுவனங்கள் இந்த உரிமையைக் கொண்டு, 'படி எடுக்காதே' என்று தடுக்கும். ஸ்டால்மனோ, 'தாராளமாகப் படி எடு, மாற்று, விற்கவும் செய். ஆனால் எதை யாருக்குக் கொடுக்கிறாயோ, அவருக்கு மூல நிரலும் இதே உரிமைகளும் கிடைக்கச் செய்' என்று நிபந்தனை விதித்தார். இதுவே குனு பொது உரிமம். முதலெழுத்துக்களால் ஜி.பி.எல். என வழங்கும். முதல் பதிப்பு 1989-இல் வந்தது. இரண்டாம் பதிப்பு 1991-இல். லினஸ் டோர்வால்ட்ஸ் 1992-இல் தம் லினக்ஸையும் இந்த உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். இன்றும் அதன் உட்கரு இரண்டாம் பதிப்பின்கீழேயே இருக்கிறது.

ரவுட்டர் செய்பவர் லினக்ஸுக்குக் கொடுக்கவேண்டிய விலை இதுதான்: பெட்டி வாங்கியவருக்கு மூல நிரல்.

உரிமம் கேட்பது எது, கேட்காதது எது?

இங்கே பலருக்குக் குழப்பம் வருவதுண்டு. லினக்ஸைப் பயன்படுத்தினால் நாம் எழுதும் எல்லாவற்றையும் வெளியிட வேண்டும் என்று எண்ணி அஞ்சுவோர் உள்ளனர். அது சரியன்று. உங்கள் சொந்தக் கணிப்பொறியில் லினக்ஸை எப்படி வேண்டுமானாலும் மாற்றி வைத்துக்கொள்ளலாம். யாருக்கும் எதுவும் காட்ட வேண்டியதில்லை. பிறருக்கு அதைக் கொடுக்கும்போதுதான் கடமை தொடங்குகிறது. ஒரு பெட்டியை விற்பதும் கொடுப்பதே. ஏனெனில் பெட்டியோடு அதனுள்ளிருக்கும் நிரலின் ஒரு படியும் கைமாறுகிறது. பெட்டிக்கு என்ன விலை வைப்பது என்பதில் உரிமம் தலையிடுவதில்லை. கெர்னலோடு பிணையாமல் தனியே ஓடும் நிறுவனத்தின் சொந்த நிரல்களையும் அது கேட்பதில்லை.

இரண்டாம் பதிப்பின்படி, நிறுவனம் மூல நிரலைப் பெட்டியோடு சேர்த்தே கொடுக்கலாம். இல்லையேல், கேட்பவர் எவருக்கும் தருவதாக எழுத்தில் உறுதி கொடுத்துப் பெட்டிக்குள் ஒரு தாளாக வைக்கலாம். அந்த உறுதி குறைந்தது 3 ஆண்டுகளுக்குச் செல்லவேண்டும். அனுப்பும் செலவுக்கு மேல் பணம் கேட்கக் கூடாது. உரிமத்தின் வாசகமும் பெட்டியோடு இருக்கவேண்டும்.

இன்னொரு சொற்றொடரை ஊன்றிக் கவனியுங்கள். மூல நிரல் முழுமையானதாகவும், அந்தப் பெட்டியில் உள்ள வடிவத்துக்குச் சரியாகப் பொருந்துவதாகவும் இருக்கவேண்டும். அதை இயந்திர மொழிக்கு மாற்றவும் நிறுவவும் உதவும் கட்டளைக் கோப்புகளும் உடன் இருக்கவேண்டும் என்கிறது உரிமம். சத்துமாவுக் கணக்கு இங்கேயும் வருகிறது பாருங்கள். தானியத்தை மட்டும் மூட்டையாகக் கொட்டிவிட்டு, அளவையும் பக்குவத்தையும் மறைத்தால் கடமை முடிந்ததாகாது.

நிபந்தனையை மீறினால் என்ன ஆகும்? இரண்டாம் பதிப்பின்கீழ் உரிமம் தானாகவே அற்றுப்போகும். உரிமம் அற்றால் அந்த நிறுவனம் அனுமதியின்றிப் பிறர் நிரலைப் படி எடுத்து விற்பதாக ஆகிவிடும். பிறகு சட்டம் பதிப்புரிமை மீறலாகவே அதைக் கருதும்.

நீலப் பெட்டியின் கதை

2002-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் லிங்க்சிஸ் நிறுவனம் நீலமும் கறுப்புமான ஒரு ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் டபிள்யூ.ஆர்.டி. 54 ஜி. முதல் வகையில் 16 மெகாபைட் நினைவகமும் 4 மெகாபைட் ஃபிளாஷும் இருந்தன. இன்று நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு நல்ல புகைப்படமே அந்த 4 மெகாபைட்டில் அடங்குவது ஐயம். அந்தச் சிறு இடத்தில் ஓர் இயக்க அமைப்பே இருந்தது. 2003-இல் ஆர்வலர்கள் அதன் ஃபர்ம்வேரை ஆராய்ந்து, உள்ளே இருப்பது லினக்ஸ் என்று கண்டனர். மூல நிரலோ பெட்டியுடன் வரவில்லை.

மூடிய பெட்டிக்குள் இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்பீர்கள். மாவை நுகர்ந்தே வறுத்த கடலை இருக்கிறது என்று பாட்டி சொல்வதில்லையா? ஏறத்தாழ அப்படித்தான். கட்டளைகள் இயந்திர மொழியாக மாறினாலும், நிரல் திரையில் காட்டவேண்டிய செய்திகள், பதிப்பு எண், பிழை அறிவிப்புகள் ஆகியவை எழுத்துக்களாகவே கோப்பில் தங்கிவிடும. கோப்பில் தொடர்ச்சியாகப் படிக்கக்கூடிய எழுத்துக்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்டும் சிறு கருவிகள் உள்ளன. அவற்றை ஓட்டினால் லினக்ஸின் பெயரும் பதிப்பு எண்ணும் வந்து விழும்.

இதற்கிடையே 2003-இல் சிஸ்கோ என்னும் பெரிய நிறுவனம் சுமார் 50 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து லிங்க்சிஸை வாங்கியது. வாங்கிய கையோடு இந்தச் சிக்கலும் அதன் தலையில் விழுந்தது. லினக்ஸ் எப்படி உள்ளே வந்தது? லிங்க்சிஸ் தானே அதை எழுதிச் சேர்க்கவில்லை. ரவுட்டருக்கான சில்லுகளைச் செய்தது பிராட்காம் நிறுவனம். சில்லோடு நிரல்களையும் அது கொடுத்தது. அந்த நிரல் வேலையைச் செய்தது தைவான் நாட்டைச் சேர்ந்த சைபர்டான் என்ற இன்னொரு நிறுவனம். ஆக, தைவானில் சேர்ந்த லினக்ஸ் சில்லு நிறுவனத்தின் வழியாக லிங்க்சிஸுக்கு வந்து, லிங்க்சிஸ் வழியாகச் சிஸ்கோவின் கைக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு கையும் அடுத்த கைக்கு மாவைக் கொடுத்தது. தானியக் கணக்கை யாரும் கொடுக்கவில்லை.

எழுந்த வற்புறுத்தலால் 2003-ஆம் ஆண்டிலேயே மூல நிரல் வெளியிடப்பட்டது. அதன் பின் நடந்ததுதான் சுவையானது.

மூல நிரலைக் கண்ட ஆர்வலர்கள் அந்த நீலப் பெட்டிக்குப் புதிய ஃபர்ம்வேர் எழுதத் தொடங்கினர். 2004 ஜனவரியில் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்னும் திட்டம் பிறந்தது. பெயரின் பின்பாதி அந்த ரவுட்டரின் பெயரிலிருந்து வந்ததே. நிறுவனம் நினைத்தே பார்க்காத வேலைகளை அச்சிறு பெட்டி செய்தது. எந்தச் செய்திக்கு முன்னுரிமை தருவது என்று வகைப்படுத்தியது. இரண்டு அலுவலகங்களுக்கிடையே மறைகுறியிட்ட இணைப்பை ஏற்படுத்தியது. ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஃபிரைஃபுங்க் என்ற மக்கள் குழுவினர், இத்தகைய பெட்டிகளைக் கூரைகளிலும் சன்னல்களிலும் வைத்து, ஒன்றையொன்று தொடர்புகொள்ளச் செய்து, நகரில் தமக்கென ஒரு கம்பியில்லா வலையையே கட்டினர்.

2005-இல் லிங்க்சிஸ் செலவைக் குறைப்பதற்காக அந்த ரவுட்டரின் ஐந்தாம் வகையில் ஃபிளாஷை 2 மெகாபைட்டாகவும் நினைவகத்தை 8 மெகாபைட்டாகவும் பாதியாக்கி, லினக்ஸையும் நீக்கி, விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறோர் இயக்க அமைப்பைப் போட்டது. ஆனால் லினக்ஸ் பெட்டியைத் தேடி வாங்குவோர் கூட்டம் அதற்குள் உருவாகிவிட்டது. ஆகவே பழைய அளவு நினைவகத்தோடு டபிள்யூ.ஆர்.டி. 54 ஜி.எல். என்ற பெயரில் லினக்ஸ் வகையையும் தனியே விற்றது. 2016-லும் அது விற்பனையில் இருந்தது! பதினொரு ஆண்டு ஒரே ரவுட்டர் விற்பது மின்னணு உலகில் அரிதினும் அரிது. மூல நிரலை வெளியிட்டால் வணிகம் கெடும் என்று வாதிடுவோருக்கு இந்த ஒரு பெட்டியையே எடுத்துக் காட்டலாம்.

சிஸ்கோவின் கதை அத்துடன் முடியவில்லை. பிற கருவிகளிலும் மூல நிரல் முறையாகக் கொடுக்கப்படவில்லை என்று கூறி, ஸ்டால்மன் நிறுவிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2008 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. 2009 மே மாதம் சமரசம் ஏற்பட்டது. உரிம நிபந்தனைகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்கவே லிங்க்சிஸில் ஓர் அலுவலரை அமர்த்தச் சிஸ்கோ ஒப்புக்கொண்டது.

பல வேடம் போடும் நிரல்

இத்தகைய வழக்குகளில் அடிக்கடி வரும் ஒரு பெயர் பிசிபாக்ஸ். 1990-களின் நடுவில் புரூஸ் பெரன்ஸ் என்பவர், ஒரு முழு லினக்ஸை நிறுவத் தேவையான கருவிகளை ஒரே ஃபிளாப்பித் தட்டில் அடக்க வேண்டி இதை எழுதினார். கோப்புகளைப் பட்டியலிட ஒரு கட்டளை, படி எடுக்க ஒரு கட்டளை, அழிக்க ஒரு கட்டளை என்று லினக்ஸில் நூற்றுக்கணக்கான சிறு நிரல்கள் உண்டு. ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பாக இருந்தால் இடம் போதாது. பிசிபாக்ஸ் இவை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துவிடுகிறது. எந்தப் பெயரால் அழைக்கிறோமோ அந்த வேலையை அது செய்யும். நாடகத்தில் ஆள் பற்றாக்குறையால் ஒரே நடிகர் வேடம் மாற்றி மாற்றி வருவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 மெகாபைட் பெட்டிகளுக்கு இதைவிடப் பொருத்தமான நிரல் கிடைக்குமா? ஆகவே ஏறக்குறைய எங்கும் அது புகுந்துவிட்டது. அதுவும் ஜி.பி.எல். உரிமத்தின்கீழ் இருப்பதுதான்.

2007-இல் பிசிபாக்ஸின் ஆசிரியர்கள் இருவர் மான்சூன் மல்ட்டிமீடியா என்ற நிறுவனத்தின்மீது நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தனர். அது சில வாரங்களில் சமரசமாயிற்று. 2009 டிசம்பரில் 14 நிறுவனங்கள்மீது ஒருசேர வழக்கு வந்தது. அவற்றுள் வெஸ்டிங்ஹவுஸ் டிஜிட்டல் என்ற தொலைக்காட்சி நிறுவனம் வழக்கை எதிர்த்து வாதாடாமல் விட்டுவிட்டது. 2010-இல் நீதிமன்றம் 90,000 டாலர் இழப்பீடும், மீறலுக்கு உள்ளான தொலைக்காட்சிப் பெட்டிகளை ஒப்படைக்கும்படியும் தீர்ப்பளித்தது. இதற்கு முன்னரே ஜெர்மனியில் லினக்ஸ் நிரலாளர் ஹரால்டு வெல்ட்டே இவ்வழியைக் காட்டியிருந்தார். சைட்காம் நிறுவனம் விற்ற ரவுட்டரில், செய்திகளை வடிகட்டும் அவருடைய நிரல் இருந்தது. நிபந்தனையை நிறைவேற்றாமல் அதை விற்கக் கூடாதென்று 2004-இல் மியூனிக் நீதிமன்றம் தடை விதித்தது. ஜி.பி.எல். வெறும் வேண்டுகோள் அன்று, நீதிமன்றத்தில் செல்லக்கூடியது என்பது அப்போது தெளிவாயிற்று.

ஏன் தவறுகிறார்கள்?

பெரும்பாலான மீறல்களுக்குக் காரணம் களவு எண்ணமாக எனக்குத் தோன்றவில்லை. கணக்கு வைக்காத சோம்பலே காரணம். ஒரு ரவுட்டரை விற்கும் நிறுவனத்தின் பெயர் அட்டையில் இருக்கும். உள்ளிருக்கும் பலகையை வேறொரு தொழிற்சாலை செய்திருக்கும். நிரலைச் சில்லு நிறுவனம் கொடுத்திருக்கும். பொறியாளர்கள் பொருள் வெளிவரும் நாளை நோக்கி ஓடுவார்கள். வெளிவந்தபின் அந்தக் குழு கலைந்து அடுத்த கருவிக்குப் போய்விடும். இரண்டு ஆண்டு கழித்து ஒருவர் கடிதம் எழுதி மூல நிரல் கேட்கும்போது, விற்ற பெட்டியில் இருந்தது எந்தப் பதிப்பு, எந்தத் திருத்தத்தோடு என்று சொல்ல ஆளிருக்காது. அவசரத்தில் ஏதோ ஒரு லினக்ஸ் பதிப்பை அனுப்பி வைப்பார்கள். வாங்கியவர் அதை இயந்திர மொழிக்கு மாற்றிப் பார்த்தால் பெட்டி உயிர்பெறாது.

இதற்கு மருந்து சட்டப் புத்தகத்தில் இல்லை, தொழிற்கூடத்தில் இருக்கிறது. பெட்டி வெளிவரும் நாளிலேயே, உள்ளே உள்ள ஒவ்வொரு நிரலின் பெயரையும் பதிப்பு எண்ணையும் உரிமத்தையும் பட்டியலிட்டு, மூல நிரலோடு கட்டி வைக்கவேண்டும். சில்லு வாங்கும்போதே அதன் நிரலுக்கான மூலத்தையும் கேட்டு வாங்கவேண்டும். பிறகு ஓர் எளிய சோதனை. அந்தத் திட்டத்தில் வேலை செய்யாத ஒரு பொறியாளரை அழைத்து, வெறுமையான ஒரு கணிப்பொறியையும் அந்தக் கட்டையும் கொடுத்து, ஃபர்ம்வேரை உருவாக்கச் சொல்லவேண்டும். அவரால் முடிந்தால், வாங்கியவராலும் முடியும். இவ்வாறு செய்து வைக்கும் நிறுவனத்துக்கே இதில் லாபம் அதிகம். பிழை ஒன்று தெரியவந்தால் அதன் சொந்தப் பொறியாளர்களுக்கும் அந்தக் கட்டு தேவைப்படுமே!

வீட்டுக்காரருக்கு இதனால் என்ன?

'நான் மூல நிரல் கேட்டு என்ன செய்யப்போகிறேன்?' என்று கேட்பவர் உண்டு. 2016-இல் மிராய் என்ற தீநிரல் பரவியது. அது கண்காணிப்புக் கேமராக்கள், ரவுட்டர்கள் போன்ற லினக்ஸ் கருவிகளைத் தேடிப் பிடித்தது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்கள் மாற்றப்படாமல் இருந்ததே அதற்கு வாசலாயிற்று. சில கருவிகளில் அக்கடவுச்சொல் ஃபர்ம்வேரிலேயே பதிந்திருந்தது. வாங்கியவர் விரும்பினாலும் மாற்ற வழியில்லை. பிடிபட்ட கருவிகள் ஒருசேரத் தாக்கியதில், அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்காவில் பல பெரிய இணையத் தளங்கள் சில மணி நேரம் எட்டாமல் போயின.

நிறுவனம் திருத்தம் வெளியிட்டால் நல்லது. ஆனால் நிறுவனம் அந்த வகையைக் கைவிட்டிருந்தால்? மூடியே இருந்திருக்கவேண்டிய நிறுவனமாக இருந்தால்? மூல நிரல் உரியபடி வெளிவந்திருந்தால், வேறு யாராவது திருத்தலாம். ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருவி வகைகளில் ஓடுகிறது. நீங்கள் நிரல் எழுதத் தெரியாதவராக இருக்கலாம். தெரிந்த ஒருவர் எழுதியதை ஏற்றிக்கொள்ளலாம். கைவிடப்பட்ட பெட்டி குப்பைக்குப் போகாமல் மேலும் சில ஆண்டுகள் உழைக்கும்.

ஆனால் எல்லை ஒன்று உண்டு. நீலப் பெட்டியிலேயே அது தெரிந்தது. வானொலி அலையைக் கட்டுப்படுத்தும் டிரைவர் நிரலைப் பிராட்காம் இயந்திர மொழி வடிவில் மட்டுமே கொடுத்திருந்தது. அது லினக்ஸின் 2.4 வரிசைக் கெர்னலோடு மட்டுமே ஒத்துப்போகும். ஆகவே உலகம் அடுத்த வரிசைக்குப் போன பிறகும், அந்தப் பெட்டிகள் பல ஆண்டுகள் பழைய கெர்னலோடு கட்டுண்டு கிடந்தன. பின்னர் ஆர்வலர்கள் அந்த மூடிய டிரைவரை ஆராய்ந்து தாமே ஒரு டிரைவரை எழுதினர். ஒரு சிறு மூடிய துண்டு, திறந்த பெரும்பகுதியையும் தன்னோடு கட்டிப்போட முடியும் என்பதற்கு இது சான்று.

இன்னொரு எல்லை டிவோ என்ற கருவியில் தெரிந்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யும் இக்கருவி அமெரிக்காவில் 1999-இல் வந்தது. அதன் நிறுவனம் மூல நிரலைக் கொடுத்தது. ஆனால் நிறுவனத்தின் மின்னணுக் கையொப்பம் இல்லாத நிரலைக் கருவி ஓட்ட மறுத்தது. தானியம் கிடைத்தது, அரைக்கவும் முடிந்தது. அரைத்த மாவைப் பாத்திரம் ஏற்கவில்லை! 2007-இல் வந்த ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு, வீட்டு உபயோகக் கருவிகளில் திருத்திய நிரலை நிறுவத் தேவையான விவரங்களையும் தரவேண்டும் என்கிறது. லினக்ஸ் கெர்னல் மூன்றாம் பதிப்புக்கு மாறவில்லை. டோர்வால்ட்ஸின் கொள்கை வேறு: 'நிரலில் செய்த மாற்றத்தைத் திருப்பிக் கொடு, கருவியை எப்படிச் செய்கிறாய் என்பது உன் பாடு' என்பது அவர் நிலை. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் பணம் கொடுத்துப் பெட்டி வாங்கியவரின் இடத்தில் நின்று பார்த்தால், எனக்கு மூன்றாம் பதிப்பே சரியாகப் படுகிறது.

மூல நிரலைக் கேட்டு வழக்காட யாருக்கு உரிமை? முன்பு கண்ட வழக்குகளில் எல்லாம் நிரலை எழுதியவர்களோ பதிப்புரிமை உடையவர்களோ வழக்காடினர். 2021 அக்டோபரில் மென்பொருள் சுதந்திரத்துக்காக உழைக்கும் ஓர் அமெரிக்க அமைப்பு, விசியோ நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கடையில் வாங்கி, வாங்கியவர் என்ற முறையிலேயே கலிபோர்னியா நீதிமன்றத்துக்குப் போனது. உரிமம் யாருடைய நன்மைக்காக எழுதப்பட்டதோ, அந்த வாங்கியவரும் அதை நிறைவேற்றக் கேட்கலாம் என்பது அதன் வாதம். 2023 இறுதியில், இந்த வாதத்தை விசாரணையின்றியே தள்ளிவிடவேண்டும் என்ற நிறுவனத்தின் கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை.

நீங்களும் தேடிப் பாருங்கள்

வீட்டில் ரவுட்டர், தொலைக்காட்சி, செட்டாப் பாக்ஸ் எது இருந்தாலும், அதனுடன் வந்த கையேட்டைத் தேடி எடுங்கள். கடைசிப் பக்கங்களில், யாரும் படிக்காத மிகச் சிறிய எழுத்தில், ஜி.பி.எல். என்ற பெயர் இருக்கிறதா? மூல நிரல் தருவதாக உறுதி இருக்கிறதா? எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த முகவரிக்கு எழுதவேண்டும் என்று சொல்லியிருக்கிறதா? கையேடு இல்லையென்றால் தொலைக்காட்சியின் அமைப்புப் பட்டியலில் சட்டக் குறிப்புகள் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உட்கருவும் லினக்ஸே. அதிலும் கைப்பேசியைப் பற்றிய விவரங்களின்கீழ் இத்தகைய பகுதி இருக்கும். அங்கு வரும் நிரல்களின் பெயர்களை எண்ணத் தொடங்குங்கள். எவ்வளவு பேர் எழுதியது உங்கள் கையில் இருக்கிறது என்பது தெரியும்.

பிறகு, அறிவியல் மன்றத்தின் சார்பில் ஆசிரியரின் துணையோடு, ஒரு கருவியை மட்டும் தேர்ந்தெடுத்து அந்நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கருவியின் வகை எண், ஃபர்ம்வேரின் பதிப்பு எண் இரண்டையும் குறிப்பிட்டு, உரிமத்தின்படி அதற்குரிய மூல நிரலைக் கேளுங்கள். அனுப்பிய நாளையும் பதில் வந்த நாளையும் குறித்து வையுங்கள். மூல நிரல் வந்து சேர்ந்தால், கட்டளைக் கோப்புகள் அதனுடன் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.